கேள்வி கேட்டுப் படியுங்கள்!

(அச்சங்குளத்தில் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சமூக அறிவியல் என்றால் நெட்டுருப் போடும் பாடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் ஆண்டுகளையும் பெயர்களையும் உருப்போட்டு, மறுவாரமே மறந்து விடுகிறார்கள். இது அவர்கள் குற்றமல்ல. படிக்கும் முறையைச் சொல்லித் தருவார் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவன், பண்டிதன் அல்ல. ஆயினும் நான்கு வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். அதன் சாரத்தை இரண்டே வாக்கியத்தில், நம்மூர்ப் பேச்சிலே, அம்மாவிடம் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் விளங்கவில்லை என்று அர்த்தம். மறுபடியும் படியுங்கள்.

இரண்டாவது, "ஏன்?" என்று கேளுங்கள். சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வளர்ந்ததற்கு வறண்ட சீதோஷ்ணம் காரணம் என்பார்கள். உண்மைதான், மருந்து காய வெயில் வேண்டும். ஆனால் வெயில் காயும் ஊரெல்லாம் பட்டாசு செய்கிறதா? 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த பூமியில், குறைந்த கூலிக்கும் வரவேண்டிய நிலையில் ஜனங்கள் இருந்தார்கள். ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றைத் தனித்தனியே எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது, சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் படியுங்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையிலோ, சுரங்கத்திலோ, அபாயகரமான வேறு வேலையிலோ அமர்த்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவு. அப்படியானால் 15 வயதுப் பையன் கதி என்ன? இந்தக் கேள்வி எழுந்தால்தான், 18 வயது நிரம்பாதவரையும் அபாயத் தொழிலில் சேர்க்கக் கூடாது என்று 2016-ல் வந்த திருத்தத்தின் அவசியம் விளங்கும். வருஷங்களையும் ஒப்பிடுங்கள். அரசியல் சட்டம் அமுலானது 1950-ல். சிவகாசிக் குழந்தைகளுக்காக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பர் 10-ல். நடுவே 46 வருஷங்கள்! ஏட்டில் எழுதியது வீட்டுக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது, பாருங்கள்.

நான்காவது, வாக்கியத்தில் எழுவாயைத் தேடுங்கள். "குழந்தைகள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர்" என்றிருந்தால், அமர்த்தியவர் யார்? 2021 பிப்ரவரி 12-ந் தேதி இதே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். "விபத்து நிகழ்ந்தது" என்று மட்டும் படித்தால், ஏதோ வானத்திலிருந்து இடி விழுந்தது போலத் தோன்றும். லைசென்ஸ் யார் பேரில் இருந்தது? நடத்தியவர் யார்? ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? சோதனையிட வேண்டியவர் யார்? இப்படிக் கேட்டுப் படிப்பவனே செய்தியைப் படித்தவன்.

பெற்றோர்களே! உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ராத்திரி பிள்ளையை உட்கார வைத்து, "இன்றைக்கு என்ன பாடம்? யார் செய்தது? ஏன் செய்தது? யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே! பாடத்தைத் தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். விடை தேடிப் படிக்கட்டும்.

நாளை கூலிச் சீட்டையும், ஆலை வாசலில் ஒட்டியிருக்கும் விதிகளையும் படிக்கப் போவது இந்தப் பிள்ளைகள்தாம். இன்றே பழக்குவோம்!