வீழ்ந்தவர் எழ ஒரு கை
(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல்களைக் காணும்போதெல்லாம் நமக்குக் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் நினைவு எழுகின்றது.

1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய அப்பெருமகனார், 1908இல் சிறை புகுந்தார்; கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1912ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தபோது கம்பெனி இல்லை; கப்பல்கள் விற்கப்பட்டுவிட்டன; வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வணிகம் செய்து குடும்பத்தைக் காத்தார். வறுமையிலும் தமிழை விடவில்லை; தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார்.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் பரிவினால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.

வீழ்ந்தவர் உழைக்கத்தான் வேண்டும். ஆயினும் அவருக்கு யாரேனும் கை கொடுக்கவும் வேண்டும். நம் லயத்துக்கோ பிரிக்பீல்ட்சுக்கோ சிறை மீண்டு வருபவரிடம் பழங்கதையைக் கிளறாதீர்கள். வேலைக்கு வழி சொல்லுங்கள். கடனில் மூழ்கியவரை மீண்டும் வட்டிக்காரரிடம் அனுப்பாதீர்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கடன் ஆலோசனைக்குக் கட்டணமில்லை.

கை கொடுப்பவர் நாமாக இருப்போம்.