ஆற்று மீனைக் கணக்கெடுக்கும் முறைகளும் கருவிகளும்

(ரெட்டியார்சத்திரம் வட்டார ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கிராமத்தில் ஆற்று மீனைப்பற்றிப் பேச்செழுந்தால் உடனே இரண்டு அபிப்பிராயங்கள் பிறக்கும். "முன்போல் மீன் இல்லை" என்பார் ஒருவர். "சென்ற வாரந்தானே கூடை நிறையப் பிடித்தார்கள்" என்பார் மற்றொருவர். இருவரும் பொய் சொல்பவரல்லர். ஆயினும் எந்த வலை, எந்த இடம், எத்தனை மணி நேரம் என்பதை இருவருமே குறித்து வைக்கவில்லை. ஆகையால் இவர்கள் சொல்லைக்கொண்டு சங்கம் ஒரு தீர்மானமும் செய்ய இயலாது. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டைத் தணிக்கை அதிகாரி ஒப்புக்கொள்வாரா? மீன் கணக்கும் அத்தன்மையதே. பிடிபட்ட மீன் வரவு. பிடிப்பதற்குச் செய்த முயற்சி செலவு. இரண்டும் சேர்ந்தாலன்றிக் கணக்கு ஆகாது.

இதற்குக் காவேரி நதியே சாட்சி. கர்நாடகத்தில் அந்நதிக்கரையில் தூண்டிலிட்டு, பிடித்த மீனை மீண்டும் ஆற்றில் விட்டுவந்தவர்கள், 1998 முதல் 2012 வரை மாசீர் என்னும் பெருங்கெண்டையின் எண்ணிக்கையையும், எடையையும், தூண்டிலிட்ட நேரத்தையும் எழுதி வந்தனர். பின்னர் ஆராய்ச்சியாளர் அக்குறிப்புக்களைப் பரிசோதித்தனர். மொத்த எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் பெருகியது மகாராஷ்டிரத்துப் பொரிப்பகத்திலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர். காவேரிக்கே உரிய திமில் மாசீரோ அருகிக்கொண்டிருந்தது. இனவாரியாக எழுதியிராவிட்டால் ஆறு செழிக்கிறதென்றே யாவரும் மகிழ்ந்திருப்பர்.

அந்தத் திமில் மாசீர், அமராவதிக்கு ஜலம் தரும் பாம்பாற்றில் கண்டு டார் ரேமாதேவி எனப் பெயரிடப்பட்ட மீனே என்று 2018இல் நிச்சயிக்கப்பட்டது. அவ்வாண்டே அது முற்றும் அழியும் தறுவாயிலுள்ள இனங்களில் ஒன்றாக உலகப் பட்டியலில் ஏறியது. ரெட்டியார்சத்திரத்து ஓடைகளின் ஜலம் சென்று சேரும் குடகனாறும் அமராவதியிலேயே கலக்கிறது. ஆகவே இது தூரதேசத்துக் கதையன்று.

இனி முறைகளைக் கவனிப்போர் முதலில் அறியவேண்டியது ஒன்று: எல்லா மீனையும் பிடிக்கும் வலை எதுவுமில்லை. கெண்டைக்கு வீச்சுவலை ஏற்றது. மணலில் மறையும் அயிரைக்கு நெருங்கிய கண்ணுள்ள கைவலை வேண்டும். இரவில் இரைதேடும் கெளுத்திக்குப் பறியோ தூண்டிலோ தகும். புல்லடர்ந்த ஆழமில்லாத இடத்து விராலுக்கு ஊத்தா உதவும். செவுள் வலை தன் கண்ணளவுக்கு ஒத்த மீனையே பிடிக்கும். சிறிது உள்ளே நுழைந்து தப்பும், மிகப் பெரியது தலையை நுழைக்காது. ஆதலால் வெவ்வேறு கண்ணளவுள்ள துண்டுகளைச் சேர்த்தே இடவேண்டும்.

இடமும் அவ்வாறே. மடு, மணற்படுகை, பாறையிடுக்கு என மூன்றையேனும் தெரிந்துகொண்டு, மாதந்தோறும் அதே இடத்தில், அதே வலையை, அதே தடவை வீசவேண்டும். மீன் மிகுந்த மடுவை மட்டும் நாடிச்செல்வது கணக்காகாது. ஒன்றும் சிக்காத நாளையும் 'இல்லை' என்று எழுதவேண்டும். அந்த 'இல்லை'யும் ஒரு கணக்கே.

கருவிகள் அதிகமில்லை: வாளி, தராசு, சென்டிமீட்டர் அளவு பொறித்த பலகை, நோட்டுப் புஸ்தகம், பென்சில். நனைத்த கையால் மீனை எடுத்து, வாய்நுனி முதல் வாலின் கவை வரை அளந்து, எடைபோட்டு, உடனே ஜலத்தில் விடவேண்டும். பெயர் தெரியாத மீனை அளவுப்பலகையின்மேல் வைத்துப் படம் எடுக்கலாம். ஒன்றைப் பாதுகாக்க நேரின், ஒரு பங்கு பார்மலினுக்கு ஒன்பது பங்கு ஜலம் கலந்த புட்டியில் இட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போடவேண்டும். பார்மலின் நஞ்சாகையால் கையுறை அவசியம்.

கோடையில் குடகனாறு வற்றி மடுக்களாக நிற்கும்போது மொத்தத்தையே மதிப்பிடலாம். முதல் நாள் 40 மீன்களைப் பிடித்து, துடுப்பின் நுனியில் சிறிது நறுக்கி விடுக. சில நாள் கழித்துப் பிடித்த 50 மீன்களில் 10 அடையாளமுள்ளவையானால், ஐந்தில் ஒரு பங்கு அடையாளமிட்டவை என்று தெரிகிறது. ஆகவே அம்மடுவில் ஏறக்குறைய 200 மீன்கள் உண்டு. இடையில் மீன் வெளியேறவோ புதிதாக வரவோ வழியிருந்தால் இக்கணக்கு பொய்க்கும்.

செய்யத்தகாதவையும் உள. வெடியாலும் நஞ்சாலும் மீனைக் கொல்வதை 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. ஆராய்ச்சியாளர் சில இடங்களில் இதற்கென்றே அமைந்த மின்கருவியை அனுமதியுடன் உபயோகிப்பதுண்டு. அதைக் கேட்டுப் பம்புசெட்டுக் கம்பியை ஜலத்தில் விடுவது மனித உயிருக்கே ஆபத்து. வலையிடுமுன் மீன்வளத் துறையின் அனுமதியும், குத்தகை இருப்பின் குத்தகைதாரரின் இசைவும் பெறவேண்டும்.

இவ்வளவு சிரமத்தால் பிரயோஜனம் என்ன? திண்டுக்கல்லின் தோல் பதனிடும் சாலைக் கழிவு குடகனாற்று ஜலத்தைக் கெடுத்தது நெடுநாளைய குறை. கழிவு சேருமிடத்துக்கு மேலும் கீழும் ஒரே வலையால் எடுத்த கணக்கு, நூறு கையெழுத்திட்ட மனுவுக்குப் பலம் தரும். குஞ்சு விடுமுன் எடுத்த கணக்கு, விட்டபின் உள்ளூர் மீன் நிலைத்ததா, ஒழிந்ததா என்பதைக் காட்டும். பிறகு எடுக்கலாமென்று விட்ட முதற்கணக்கை எவரும் மீட்டுத் தர இயலாது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் இரண்டு அங்கத்தினரை நியமித்து, மாதத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, அந்தப் புஸ்தகத்தை வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவோடு சேர்த்து வாசிக்கச் செய்வது நலம். ஆறும் சங்கத்தின் சொத்தே. அதற்கும் பேரேடு வேண்டும்.