அம்மாவுக்கு ஒரு நாற்காலி



"வீட்டு முகப்பை அடைத்ததால் நாம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா?" என்று தலைப்பு. பெற்றதே அதிகம் என்று பேசும் அணியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரணி நண்பருக்கு ஆச்சரியம். "ஐயா, தமிழ்ப் பேராசிரியர் நீங்க. திண்ணைக்காக நீங்களே பேசலைன்னா வேற யார் பேசுவா?" என்று உள்ளே வரும்போதே கேட்டார். நான் என்ன செய்வேன் நடுவர் அவர்களே! புறப்படும்போதே எங்க வீட்டம்மா சொல்லிவிட்டார்கள். "நம்ம வீட்டு முன்னாடி வலை அடிச்சு ஏழெட்டு வருஷம் ஆச்சு. அங்க போயி திண்ணை, திண்ணைன்னு அழுதீங்கன்னா, ராத்திரி நீங்க திண்ணையிலதான் படுக்கணும். அதுவும் நம்ம வீட்ல இல்ல!" (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அருமையாகப் பேசினார்கள். வழிப்போக்கன் இளைப்பாறியது திண்ணையில். ஊர் வழக்கைப் பேசித் தீர்த்தது திண்ணையில். பிள்ளைகள் எழுத்துக் கற்றது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். உண்மைதான். நம்முடைய உ.வே.சாமிநாதையர் அப்படிக் கற்றவர்தானே? அதை நான் மறுத்தால் என் நாக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆனால் ஒரு கேள்வி. அந்தத் திண்ணையில் உட்கார்ந்தது யார்?

எங்கள் ஊர் மாயவரத்துப் பக்கம். வீட்டுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. சிவப்புக் காவி பூசி, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகத் தேய்த்த தரை. சாய்ந்துகொள்ளச் சுவரோடு சேர்த்துச் சாய்மானம். மாடக்குழியில் விளக்கு. அந்தத் தரையை வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றித் துடைத்தது என் அம்மா. மாடத்தில் விளக்கு வைத்தது என் அம்மா. அப்பாவின் நண்பர்கள் வந்தால் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நடைக் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பு தெரிய நின்றது என் அம்மா. அதில் உட்கார்ந்தது? நாற்பது வருஷம் அந்த வீட்டில் குடித்தனம் பண்ணினார்கள் ஐயா, பகலில் ஒரு நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் வயலில் பாடுபட்டவர் வாசலுக்கு வந்தால் தெருவில் நின்றுதான் பேசுவார். மழை பெய்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வார். திண்ணை காலியாகத்தான் கிடக்கும். என் தகப்பனார் கெட்டவர் இல்லை. "மேலே ஏறி உட்காருப்பா" என்று சொல்லத் தோன்றாத காலம் அது. அதை மறைத்துவிட்டுத் திண்ணை ஊருக்கே பொது என்று பேசினால், துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாரே அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? (கைதட்டல்)

அடைப்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம், சீமையிலிருந்து இறக்குமதி என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். தம்பி, சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வேனிற்பள்ளி என்று ஒன்று, கூதிர்ப்பள்ளி என்று ஒன்று. கோடைக்கு ஓர் இடம், குளிருக்கு ஓர் இடம். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை இருக்கிறது, நக்கீரர் பாடியது, 188 அடி. வாடைக் காற்று வந்ததும் அந்த ஊர் என்ன செய்கிறது? நிலா முற்றத்துக்குப் போகவில்லை. கதவைத் தாழிட்டுக்கொள்கிறது. கோடையில் வீசிய விசிறி சுருக்கி மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது, அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. பெரிய வாய் வைத்த கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டுகிறார்கள். பருவத்துக்குத் தக்கபடி அடைப்பதும் திறப்பதும் நமக்குத் தெரியாத வித்தையா?

தெரிந்த வித்தைதான். நான்தான் மறந்துபோனேன். அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அப்பா 2009-ல் காலமானார். அம்மாவை எங்களோடு தஞ்சாவூருக்கு அழைத்து வந்துவிட்டோம். கிழக்குப் பார்த்த வீடு. முன்னால் பத்துக்குப் பதினாலு அடி திறந்த முகப்பு. ஐப்பசி பிறந்தால் வடகிழக்கிலிருந்து சாரல் நேராக வாசற்படி வரைக்கும் வரும். சரி, அடைத்துவிடலாம் என்றேன். வெளிநாட்டில் இருக்கும் என் நண்பர் தன் வீட்டுக் கண்ணாடி அறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வெளியே பனி, உள்ளே அவர் காபி குடிக்கிறார். எனக்கு ஆசை வந்துவிட்டது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மூன்று பக்கமும் கண்ணாடி. கட்டிக் கொடுத்தவர் "சார், ஃபாரின் மாதிரி இருக்கும்" என்றார். கார்த்திகை, மார்கழி வரைக்கும் ஃபாரின்தான். சித்திரை வந்தது பாருங்கள்! காலை பத்து மணிக்கு உள்ளே போனால் வேர்த்துக் கொட்டுகிறது. எங்க வீட்டம்மா வடாம் பிழிந்து கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். மாடிக்குப் போகாமலே காய்ந்துவிட்டது. "காசு வீணாகலைங்க, வடாம் போட ஒரு ரூம் கட்டியிருக்கோம்" என்றார்கள். (சிரிப்பு)

காரணம் சின்னதுதான். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். வெயில் பட்டுத் தரை சூடாகி அந்தச் சூட்டைத் திரும்ப வெளியிட்டால், கண்ணாடி அதை வெளியே விடாது. பனி ஊரில் அது வரம். தஞ்சாவூரில் அது அடுப்பு. அந்த ஷீட் இருக்கிறதே, அது சூட்டோடு நோயும் சேர்த்துக் கொடுப்பது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வீட்டில் போட்டிருப்பவர்கள் அதை அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். அந்தத் தூள்தான் ஆபத்து. எடுக்க வேண்டுமென்றால் நனைத்து, தெரிந்த ஆளை வைத்து முழுசாக இறக்குங்கள்.

கண்ணாடியைக் கழற்றினேன். மறுபடி திறந்த முகப்பு. 2017-ல் என் மகளுக்கு டெங்கு வந்தது. பரீட்சைக்கு அங்கே உட்கார்ந்துதான் சாயங்காலம் படிப்பாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ஒவ்வொரு நாள் காலையிலும் ரத்தத் தட்டணு எத்தனை என்று எழுதிய சீட்டுக்காக வராந்தாவில் நான் நின்ற நிற்பு இருக்கிறதே... நடுவர் அவர்களே, அந்த ஆறு நாளும் எனக்குச் சங்கத் தமிழ் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. டாக்டர் சொன்னார்: "இந்தக் கொசு பகல்ல கடிக்கிறது சார். நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும்." வீட்டுக்கு வந்து பார்த்தேன். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு ஒவ்வொன்றிலும் புழு நெளிகிறது. அழகுக்கு வைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு, 2018-ல்தான் ஒழுங்காகக் கட்டினோம். முதலில் தொட்டித் தட்டுகளைத் தூக்கிப் போட்டேன். அதைச் செய்யாமல் எத்தனை வலை அடித்தாலும் பயனில்லை. ஷீட்டை இறக்கிவிட்டு, சரிவாக மங்களூர் ஓடு. முன்னால் இரண்டடி தாழ்வாரம் நீட்டி விட்டோம். அந்த இரண்டடியே சாரலைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அதற்கு மேல் துருப்பிடிக்காத கம்பி வலை. வலைக்கு வெளியே கயிறு இழுத்தால் ஏறி இறங்கும் மூங்கில் தட்டி. ஐப்பசி, கார்த்திகையில் தட்டியை இறக்கிவிடுவோம். தை, மாசியில் முழுக்கச் சுருட்டிக் கட்டிவிடுவோம். அக்கினி நட்சத்திரத்தில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்போம். காற்று உலர்ந்திருக்கும் ஊரில் அது நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊர்க்காரர்கள் என்னை நம்பிச் செலவு செய்யாதீர்கள், அங்கே புழுக்கம்தான் மிஞ்சும். வலை கொஞ்சம் காற்றைத் தடுக்கும். அதனால் எதிரே கொல்லைக் கதவையும் வலைக்கதவாக்கித் திறந்து வைக்க வேண்டும். காற்று வந்தால் போக வழி வேண்டுமே! தரையை வெளிப்பக்கம் வாட்டமாக விட்டுச் சிவப்புக் காவியே பூசினோம். ஓட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழாமல், மழைநீர்த் தொட்டிக்குக் குழாய். 2003-லேயே நம் மாநிலத்தில் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கினார்கள், எங்கள் வீட்டில் அந்தத் தொட்டி குப்பை போடத்தான் பயன்பட்டது. இன்னொன்று, அடைப்பதற்கு முன்னால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மனையைச் சுற்றி விட வேண்டிய இடைவெளிக்குள் போய் அடைத்துவிட்டு அப்புறம் அலையாதீர்கள்.

கட்டி முடித்து ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டு, "அம்மா, உட்காருங்க" என்றேன். உட்காரவில்லை. பழைய பழக்கம், கதவுக்குப் பின்னால் பாதி உடம்போடு நிற்கிறார்கள். என் மனைவிதான் புத்திசாலி. தெருப்பக்கத் தட்டியைப் பாதி இறக்கினாள். வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரு முழுக்கத் தெரியும். நாலாவது நாள் கீரை ஆய்கிற சாக்கில் உட்கார்ந்தார்கள். அப்புறம் சாக்கு இல்லாமலே உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்தில் தட்டியை அவர்களே கயிறு இழுத்து மேலே ஏற்றிவிட்டார்கள்! (கைதட்டல்)

இப்போது தெருவில் யாருக்கு எப்போது பஸ், எந்த வீட்டுக் கறவை வற்றிவிட்டது, எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். எதிர் வீட்டுப் பையன், நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். தாய், தகப்பன் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். முன்னெல்லாம் படியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். அதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. நாற்காலியிலிருந்து அம்மா கவனித்தார்கள். இப்போது அவன் வீட்டுப்பாடம் எழுதுவது எங்கள் முகப்பில்.

எதிரணிக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். முதலில் அந்த வலைக்கதவுக்கு நான் பெரிய பூட்டுப் போட்டிருந்தேன். ஒரு கார்த்திகை மாத சாயங்காலம், நல்ல மழை. தினமும் பூக் கொண்டுவரும் அம்மாள் கூடையோடு வாசலில் நின்று நனைகிறார். உள்ளே என் அம்மா சாவியைத் தேடுகிறார்கள். சாவி என் சட்டைப் பையில், நான் கல்லூரியில். நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது: "உங்க அப்பா காலத்துல பூக்காரி திண்ணையில ஏறமாட்டா. இப்ப 'ஏறு'ன்னு சொல்றதுக்கு நான் இருக்கேன். சாவி இல்லை."

திருக்கோவலூர் இடைகழி நினைவுக்கு வந்தது எனக்கு. மழை இரவு. முதலில் வந்தவர் படுத்திருக்கிறார். இன்னொருவர் வந்ததும் இருவரும் எழுந்து உட்காருகிறார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நிற்கிறார்கள். பொய்கையார், பூதத்தார், பேயார். அந்த நெருக்கத்தில் பிறந்தவை அந்தாதிகள் என்பது வைணவ மரபு. நண்பர்களே, அது திறந்த திண்ணை இல்லை. சாரல் படாத இடைகழி. அடைத்த இடம்தான். ஆனால் பூட்டவில்லை.

அன்று ராத்திரியே பூட்டை எடுத்துவிட்டேன். பகலில் வெறும் கொக்கிதான், நாலாம் வகுப்புப் பையன் கைக்கு எட்டுகிற உயரத்தில். ராத்திரி உள்கதவைத் தாழிட்டுக்கொள்கிறோம். கொசு வராது, சாரல் வராது, வரவேண்டியவர்கள் வருகிறார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தீர்ப்பு எப்படி வந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் ஐயா. மேகம் இருட்டியிருக்கிறது, வடக்குப் பக்கத் தட்டியின் கயிறு அறுந்து கிடக்கிறது, அதை மாற்றக் கயிறு வாங்கிக்கொண்டு போகவேண்டும்.