இணையம் இல்லாமலும் வைஃபை உண்டு
(கலேவெலயில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்கு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறினார்கள். சிக்னல் கிடைத்தால் டேட்டா இல்லை. ஒரே புத்தகத்தை ஒரே லயத்தில் வீட்டுக்கு வீடு காசு கட்டி இறக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவை ஒரு தடவையோடு முடிக்கலாம்.

வைஃபை வேறு, இணையம் வேறு. இணையம் டவுனுக்குப் போகும் ரோடு. வைஃபை லயத்துக்குள் வீட்டுக்கு வீடு போகும் பாதை. ரோடு அடைபட்டாலும் பக்கத்து வீட்டுக்குப் போகலாம் அல்லவா? அந்தப் பாதைக்கு ரீலோட் தேவையில்லை.

இது நமது நாட்டுக்குப் புதிதல்ல. இங்கிருந்து தம்புள்ளை, அநுராதபுரம் தாண்டி, வில்பத்துக் காட்டோரம் இருக்கிறது மகாவிலச்சிய. அந்த விவசாயக் கிராமத்தில் 2006 அளவிலேயே வீடுகளைக் கம்பியில்லாமல் இணைத்தார்கள். மலையகத்தில் கொத்மலை சமூக வானொலி, 1990களின் கடைசியில், நேயர்கள் கேட்டதை இணையத்தில் தேடி வானலையில் சொன்னது. ஒருவர் எடுத்தது ஊருக்கே போய்ச் சேர்ந்தது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

செய்யும் விதம் இது. இணையம் உள்ள இடத்தில் ஒரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் ஒரு தடவை இறக்குங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் அதன் இணையத்தளத்தில் இலவசம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு லயத்தில் ஹொட்ஸ்பொட்டைப் போடுங்கள். லினக்ஸ் உள்ள மடிக்கணினி இணையம் இல்லாமலே அதைப் போடும். விண்டோஸ் பெரும்பாலும் மறுக்கும். அப்போது ஒரு கைப்பேசியில் டேட்டாவை நிறுத்திவிட்டு ஹொட்ஸ்பொட்டை மட்டும் போட்டு, மடிக்கணினியை அதில் இணையுங்கள். பிள்ளைகளின் போன்களையும் அதிலேயே இணையுங்கள். கிவிக்ஸில் உள்ளூர் சேர்வரை இயக்கினால் ஒரு முகவரி காட்டும். அதைப் போனின் பிரவுசரில் அடித்தால் விக்கிப்பீடியா திறக்கும். பாடநூல் கோப்புகளுக்கு ஒரு சிறிய வெப் சேர்வர் மென்பொருள் போதும்.

"இணையம் இல்லை" என்று போன் சொல்லும். பயப்படாமல் இணைப்பிலேயே இருங்கள். போனின் டேட்டாவை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அது டேட்டாவுக்குத் தாவிவிடும். ஒரே நேரத்தில் எட்டுப் பத்துப் போன்களுக்கு மேல் தாங்காது. ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளருக்கான தாள்களையும் இதில் வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி குறைந்தது 8 வீதமும் தொழில் தருநர் குறைந்தது 12 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். இதைத் தமிழில் வாசித்தவரைக் கணக்கில் ஏமாற்றுவது கடினம். ஆனால் அடையாள அட்டைப் பிரதி, சம்பளத் துண்டு, வங்கிப் புத்தகம் எதையும் அதில் போடாதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் ஹொட்ஸ்பொட்டைத் திறக்காதீர்கள்.

சிக்னல் கோபுரமும் நியாயமான டேட்டா விலையும் கேட்டு நமது கோரிக்கை தொடரும். அதுவரை பிள்ளையின் படிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு தம்பியையும் ஒரு தங்கச்சியையும் இந்த வேலைக்குத் தெரிவுசெய்து, அடுத்த கூட்டத்தில் பெயர் தாருங்கள். மடிக்கணினி ஒரு வீட்டுச் சொத்தாகாமல் வாசிகசாலையில் இருக்கட்டும்.