செவிலியரின் விழிப்பும் குழந்தைகளின் வாழ்வுரிமையும்

இந்தியாவில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் 2017இல் தொடங்கிய ‘ஹிருத்யம்’ திட்டம் அத்தகைய குழந்தைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வழிகண்டது.

அறுவை முடிந்தபின் குழந்தையின் உயிர் செவிலியரின் விழிப்பில் நிற்கிறது. நெஞ்சுக் குழாயில் வடியும் குருதி, மணிதோறும் சிறுநீரின் அளவு, உதட்டின் நிறம், மூச்சின் வேகம் ஆகியவற்றின் சிறு மாற்றத்தையும் முதலில் காண்பவர் அவரே. பாலருந்துகையில் சோர்ந்துவிடும் சிசுவுக்குச் சிறுகச் சிறுக ஊட்டத் தாய்க்குக் கற்பிப்பவரும் அவரே.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை. ஒப்பந்த முறையில், சொற்ப ஊதியத்தில், ஒருவரையே பல படுக்கைகளுக்கு நிறுத்துவது குழந்தைகளின் உயிரைப் பணயம் வைப்பதாகும். காலிப் பணியிடங்களை நிரப்பக் கோரும் செவிலியர் போராட்டம், அக்குழந்தைகளின் வாழ்வுரிமைப் போராட்டமும் ஆகும்.