விடைத்தாளில் யாருடைய வாசிப்பு?

க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயத்தைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை வினா என்றாற் பயம். கதையைச் சொல் என்றாற் சொல்லிவிடுவார்கள். விமர்சன நோக்கில் எழுது என்றதும் பேனை நின்றுவிடும். அந்த வேளையில் ரியூட்டரிக் குறிப்பு கைகொடுக்க வருகிறது. அதை மனனஞ் செய்து அப்படியே இறக்கிவைக்கிறார்கள். ஒரே பந்தி பத்து விடைத்தாள்களில் வந்தால், நூலை வாசித்தவர் யார்?

இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து நம் மண்ணிலேயே உண்டு. 1892இல் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிற் படித்தவர் சுவாமி விபுலாநந்தர். 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் அவர் சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்தார். மேல்நாட்டார் சொன்னதைத் திருப்பிச் சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. சுவை, மெய்ப்பாடு என்னும் நம்முடைய அளவுகோல்களை எடுத்துச்சென்று அந்த நாடகங்களிற் பொருத்திப் பார்த்தார். பிறமொழி நூலை நம் கண்ணால் வாசிக்கலாம் என்ற துணிவை அவரிடம் பெறலாம்.

ஆனால் நம் கண்ணால் வாசிப்பது வேறு, நம் கதையை எழுதுவது வேறு. இவ்விடத்திலேதான் கவனம் வேண்டும்.

இப்பாடத்திட்டத்தில் இடம்பெற்ற பகுதிகளில் ஒன்று, சோனாலி தெரணியகல 2013இல் வெளியிட்ட ‘வேவ்’ என்னும் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் யால கடற்கரையிற் கணவரையும் இரு புதல்வர்களையும் பெற்றோரையும் ஆழிப்பேரலைக்குப் பறிகொடுத்தவர் அவர். அதே நாட் காலையில் கல்லடியும் நாவலடியும் அழிந்ததை நாம் அறிவோம். அந்தக் கரையில் வளர்ந்த ஒரு பிள்ளை இந்நூலை வாசித்தால், அம்மம்மா சொன்னதெல்லாம் நினைவுக்கு வரும். கட்டுரை முழுவதும் நாவலடியாகவே போய்விடவுங் கூடும். அது உண்மையான துயரந்தான். ஆனால் வினாவுக்கு அது விடையாகாது.

அந்த நினைவு நம்மை நூலின் வாசலுக்குக் கொண்டுவந்து விடட்டும். உள்ளே போய்ப் பார்க்கவேண்டியது சொற்களை. அலை வருவதைக் கண்டு ஓடும்போது, பெற்றோரின் அறைவாசலில் தாம் நில்லாமற் போனதைச் சோனாலி சொல்கிறார். தாம் செய்யாது விட்டவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். ஒப்பாரி இல்லை, உவமை இல்லை. அந்த வெறும் அடுக்கே குற்ற உணர்வை நம் நெஞ்சில் இறக்குகிறது. இதைக் கண்டு சொல்வதுதான் விமர்சனம். இழப்பை அறிந்த பிள்ளைக்கு அந்த இடம் சட்டென்று தென்படும். கண்டதை நூலைக் கொண்டே நிறுவிக்காட்ட வேண்டும்.

ஆயத்தம் எப்படி? நூலை முதலில் கதைக்காகவும், பிறகு பென்சிலோடும் வாசியுங்கள். மனத்தைத் தொட்ட இடங்களைக் குறித்து, ஏன் தொட்டன என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பழைய வினா ஒன்றை எடுத்து, உங்கள் முடிவை ஒரே வசனத்தில் முதலில் எழுதிப்பாருங்கள். அதற்குச் சான்றாக மூன்று இடங்களைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வோர் இடத்திலும் என்ன சொல்லப்படுகிறது, எப்படிச் சொல்லப்படுகிறது, அதனால் விளைவது என்ன என்று கேளுங்கள். உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் ஓரிடத்தையும் மறைக்காமற் சேருங்கள். மேற்கோள் நாலைந்து சொற்களுக்கு மேற் போகவேண்டியதில்லை. பிறகு நூலை மூடி, மணிக்கூட்டை முன்னே வைத்து எழுதிப் பழகுங்கள்.

ஆங்கிலம் எளிமையாக இருந்தாற் குறைவில்லை. குறிப்புத் தந்த பெரிய சொல்லைவிட, நீங்கள் கண்டுபிடித்த சிறிய உண்மைக்குப் பெறுமதி அதிகம். பரீட்சை முடிந்ததும் குறிப்பு மறந்துபோகும். ஒரு நூலைத் தானே வாசித்துத் தீர்ப்புச் சொல்லப் பழகிய பிள்ளையை, பிற்காலத்திற் பத்திரிகைச் செய்தியாலோ மேடைப் பேச்சாலோ இலகுவில் ஏமாற்றமுடியாது.