புலமைப்பரிசிலுக்கு எழுதுவது கருணை மனு அல்ல

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் எழுதித் தந்திருக்கிறேன்.)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. இங்கே ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். உயர்தரத்தோடு என் படிப்பு நின்று போனது. அப்படிப்பட்ட ஒருத்தியை வெளிநாட்டுப் புலமைப்பரிசிலைப் பற்றிப் பேசச் சொன்னது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டு வருசமாக, ஊரில் இருக்கிற என் பெறாமகளுக்காக, வேலை முடித்து வந்து இந்த விதிமுறைகளை வரிவரியாக வாசித்தவள் நான். வாசித்ததில் விளங்கினதைச் சொல்லுறன்.

புலமைப்பரிசில் என்றால் எங்கட ஆக்களுக்கு உடனே ஞாபகம் வருவது ஐந்தாம் வகுப்புப் பரீட்சைதான். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் உள்ளே, ஒரு புள்ளி குறைந்தால் வெளியே. பிறகு பல்கலைக்கழகத்துக்கும் அதே கதை. 1970களில் தரப்படுத்தல் வந்த பிறகு புள்ளி என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகவே போய்விட்டது. அதனால் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் நல்ல பெறுபேற்றை அனுப்பினால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக் கொள்வார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பெறுபேறு கதவைத் தட்ட விடும், அவ்வளவுதான். கதவைத் திறந்தவர் கேட்கிற முதற் கேள்வி, "நீ எதைக் கண்டுபிடிக்க வந்திருக்கிறாய்? அதை ஏன் இங்கே வந்து செய்ய வேணும்?" என்பது.

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் தடுமாறுகிறோம். காரணம் இருக்கிறது. இங்கே இருக்கிற எங்களில் கன பேர் வாழ்க்கையில் எழுதின பெரிய விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான், அகதி விண்ணப்பம். அதில் எங்களிடம் கேட்டது, உனக்கு என்ன நடந்தது, திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று. எவ்வளவு கஷ்டம் என்று காட்ட வேண்டியிருந்தது. திகதி பிசகாமல், அழுதாலும் நிறுத்தாமல் சொன்னோம். அது அந்த இடத்துக்குச் சரி. ஆனால் அதே கையால்தான் பிள்ளைகளின் புலமைப்பரிசிற் கடிதத்தையும் எழுதுகிறோம்.

என் பெறாமகளின் முதற் கடிதமும் அப்படித்தான் இருந்தது. 95 இடப்பெயர்வில் வன்னிக்குப் போன குடும்பம். 2009இல் அவளுக்குப் பதினொரு வயசு. தகப்பன் இல்லை. முகாம். தாய் தையல் மெசினில் இருந்து படிப்பித்தாள். இரண்டு பக்கமும் இதுதான். ஒரு சொல்லும் பொய் இல்லை. வாசித்து நான் அழுதேன். ஆனால் கிடைக்கவில்லை. அவளைப் போலக் கஷ்டப்பட்ட பிள்ளைகளின் கடிதங்கள் சிரியாவில் இருந்து, சூடானில் இருந்து, ஆப்கானிஸ்தானில் இருந்து எல்லாம் அந்த மேசைக்கு வருகின்றன. கஷ்டத்தை நிறுக்க அந்த மேசையில் தராசு இல்லை.

அவள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்தவள். படித்துப் போட்டு இரண்டு வருசம் வேலையும் செய்தாள். நான் தொலைபேசியில் கேட்டேன், "பிள்ளை, படிக்கிற காலத்தில் உனக்கு விளங்காமல் போன விசயம் ஏதும் இருக்கோ?" என்று. உடனே சொன்னாள், "எங்கட கிணறு, சின்னம்மா."

உங்களுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கிணறுதான் எல்லாம். கீழே சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணி அதன் வெடிப்புகளுக்குள்ளால் கெதியாக இறங்கும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப் போடுகிற யூரியாவும் நைத்திரேற்றாகி அதோடு சேர்ந்து இறங்கும். குடிதண்ணியில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடினால் புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். அவளுடைய கேள்வி இதுதான்: விளைச்சலைக் குறைக்காமல், எந்த மாதத்தில் எவ்வளவு பசளையைக் குறைத்தால் கிணறு தேறும்?

சரி, அதற்கு ஏன் ஜேர்மனி? இந்த நாட்டுக்கும் அதே வருத்தம் இருக்கிறது. நிலத்தடித் தண்ணியில் நைத்திரேற்றைக் கட்டுப்படுத்தப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2018 யூன் மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் ஜேர்மனிக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகு பசளைச் சட்டத்தை இறுக்க வேண்டி வந்தது. அவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவளும் தேடுகிறாள். இதை எழுதினால் அது உதவி கேட்கிற கடிதம் இல்லை, சேர்ந்து வேலை செய்வோமா என்று கேட்கிற கடிதம். 2009 புதுக் கடிதத்திலும் இருக்கிறது. ஒரு வரியில், முகாமில் தண்ணிக்கு நின்ற வரிசையாக.

இனிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பிரயோசனமான சில விசயங்கள்.

ஊரில் இருந்து இங்கே படிக்க வர விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டாட் என்ற ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை. 1925இல் தொடங்கியது. முதுமாணிப் படிப்புக்கு 2025இல் மாதம் 992 யூரோ கொடுத்தார்கள். மாணவர் விசாவுக்கு வங்கியில் முடக்கி வைக்கச் சொன்ன தொகை வருசத்துக்கு 11,904 யூரோ, அதாவது அதே 992ஐப் பன்னிரண்டு மாதத்துக்கு. புலமைப்பரிசில் கிடைத்தால் அந்தப் பணத்தைத் தேடி வட்டிக்கு வாங்கத் தேவையில்லை. பட்டம் எடுத்துப் பொதுவாக ஆறு வருசத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வளர்முக நாட்டவர்களுக்கான சில படிப்புகளுக்கு இரண்டு வருச வேலை அனுபவமும் கேட்பார்கள். இங்கே வந்து 15 மாதத்துக்கு மேல் ஆனவர்கள் பொதுவாக இதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே "முதலில் எப்படியாவது வந்து சேர், பிறகு பார்ப்பம்" என்று ஊருக்குச் சொல்லாதீர்கள். வந்தால் அந்தக் கதவு பூட்டிப் போகும்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு கதவுகள் உண்டு. அரசின் பாஃபக் உதவி அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கும் உண்டு. 2011இல் தொடங்கிய டொச்லாண்ட் புலமைப்பரிசில் மாதம் 300 யூரோ. தாய் தகப்பனின் வருமானத்தையோ எந்த நாட்டவர் என்பதையோ அதில் பார்ப்பதில்லை. தொழிற்சங்கங்களின் ஹான்ஸ் பொக்லர் நிறுவனமும் உதவுகிறது. தொழிற்சங்கத்தில் அங்கத்தவராக இருக்கிற தகப்பன்மார் அதைப் பற்றி ஒருக்கால் விசாரியுங்கள். இங்கிருந்து இன்னொரு நாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளை, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நிற்பதானால், போக முதலே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். அகதிகளுக்கான நீலக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஆராய்ச்சிக்கென்றாலும் ஊருக்குப் போக முன்னம் சட்டத்தரணியிடம் கேளுங்கள். படிப்பு இன்னொரு வருசம் வரும், வதிவிடம் போனால் வராது.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். எங்கட பள்ளிக்கூடங்களில் நற்சான்றுப் பத்திரம் தருவார்கள். "நல்லொழுக்கமும் பணிவும் உள்ள மாணவி" என்று இருக்கும். அது இங்கே உதவாது. இந்தப் பிள்ளை எத்தனை கிணற்றில் தண்ணி எடுத்தாள், கணக்குப் பிழைத்தபோது என்ன செய்தாள், அதைத்தான் கேட்கிறார்கள். உங்களைப் பெயர் சொல்லி ஞாபகம் வைத்திருக்கிற விரிவுரையாளரிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருக்கிறார் என்பதற்காக உங்களைத் தெரியாதவரிடம் போகாதீர்கள். முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்னமே கேளுங்கள், நீங்கள் செய்த வேலையை ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள்.

பெருமை பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். "நான் செய்தேன்" என்று எழுதப் பிள்ளைகளுக்குக் கை வராது, "எங்களால் செய்யப்பட்டது" என்று எழுதுவார்கள். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்புகழ்ச்சி இல்லை. வேலைத்தலத்தில் எத்தனை பெட்டி கட்டினேன் என்று நான் ஒவ்வொரு நாளும் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். அது கணக்கு.

ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். பிலிப் சுவார்ட்ஸ் என்று ஒரு வைத்தியப் பேராசிரியர், யூதர், பிராங்பேர்ட்டில் இருந்தவர். 1933இல் நாசிகள் வேலையைப் பறிக்க, சூரிச்சுக்குத் தப்பி ஓடினார். தானே அகதியாக நின்றுகொண்டு, தன்னைப் போலத் துரத்தப்பட்ட அறிஞர்களுக்கு வேலை தேடும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பலருக்கு இடம் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சங்கம் 1936இல் லண்டனில் இடம்பெயர்ந்த அறிஞர்களின் பட்டியலைப் புத்தகமாக்கியது. அதில் ஒவ்வொருவரும் எந்தத் துறை, எங்கே என்ன வேலை பார்த்தார் என்றுதான் இருந்தது. அழுகை இல்லை. அவர்கள் பட்ட துன்பம் சின்னத் துன்பமா? ஆனால் வேலை தேடுகிற இடத்தில் தங்களுக்குத் தெரிந்ததை முன்னுக்கு வைத்தார்கள். இன்று ஆபத்தில் உள்ள ஆராய்ச்சியாளருக்கு ஹம்போல்ட் நிறுவனம் கொடுக்கும் உதவிக்கு அவருடைய பெயர்தான். 2015இல் தொடங்கினார்கள். கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கு உரியது. அதற்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது, இங்குள்ள பல்கலைக்கழகம் அல்லது ஆராய்ச்சி நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பெறாமகளின் இரண்டாவது விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. அக்கா ஒவ்வொரு கிழமையும் கேட்கிறா. கிடைக்குமோ தெரியாது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தை எழுத வேண்டி, அவள் தன் ஊரில் இருபது கிணற்றுத் தண்ணியை எடுத்துச் சோதித்திருக்கிறாள். முடிவைத் தோட்டக்காரருக்கும் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் யூரியாவைக் குறைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தின் சின்ன அறையைத் திறந்து விடுங்கள். விண்ணப்பம் எழுதுகிற பிள்ளைகள், ஊரில் உள்ளவர்களுக்காக எழுதுகிற உறவுகள், யாரும் வரலாம். பல்கலைக்கழகம் முடித்த எங்கட பிள்ளைகள் இரண்டு பேர் வந்து வாசித்துப் பார்த்தால் போதும். தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு. சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்புக்கு ஆகிற செலவுக்கு உண்டியலில் கொஞ்சம் ஒதுக்கினால் பெரிய உதவி.